சாயங்காலம் வர்க்கி, நடுராத்திரி வார்த்தை விளையாட்டு: நான் அடிமை ஆகிட்டேனா?

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். எட்டு மாசம் முன்னாடி திருநெல்வேலி பக்கத்துலருந்து கோத்தகிரி வந்து ஒரு தேயிலை ஃபேக்டரியில கணக்கு பார்க்குறீங்க, சாயங்காலம் நாலரைக்கு மேகம் இறங்குனதும் டீயும் வர்க்கியும் (டீக்கு தொட்டுக்குற நம்ம நீலகிரி மொறுமொறு பண்டம்) இல்லாம இருக்க முடியல, பாக்கெட்டை பிரிச்சா காலியாகுற வரைக்கும் கை நிக்கல, ராத்திரி பன்னெண்டு அடிக்கிறதுக்கு காத்திருந்து போன்ல அன்னைக்கு வர்ற புது வார்த்தையை கண்டுபிடிக்கிறீங்க, அது முடிஞ்சதும் அதே மாதிரி இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு ஒன்றரை ஆயிடுது, ஆறு கிலோ ஏறிடுச்சு. இது குளிருக்கு உடம்பு கேக்குறதா, சத்து குறைவா, இல்ல அடிமை ஆயிட்டேனா, ரெண்டையும் அடியோட விட்டுடணுமா, இதுதான் நீங்க எழுதுனது. கடைசியில அம்மாவுக்கு சுகர் இருக்கு, ஊருக்கு வர்க்கி வாங்கிட்டு போகலாமான்னும் ஒரு வரி. ஆனா நடுவுல "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையோன்னு பயமா இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, மத்ததெல்லாம் அதைச் சுத்தி வந்த கேள்விதான். அதனால அதுக்குத்தான் பதில் எழுதுறேன், மத்தது வழியில வந்துடும்.

நான் டயட்டீஷியன். படிச்சது கோயம்புத்தூர், வேலை பார்க்குறது பத்தொன்பது வருஷமா குன்னூர்ல, மாசத்துல சில நாள் எஸ்டேட் கிளினிக்குக்கும் போவேன். சாப்பாட்டு விஷயத்துல தைரியமா பேசுவேன். விளையாட்டு விஷயத்துல மனநல டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை, எனக்கு தெரிஞ்ச அளவு மட்டும் சொல்றேன். உங்க எடை, ரத்தப் பரிசோதனை எதையும் நான் பார்க்கல, அதை ஞாபகத்துல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல குளிரு. மலைக்கு புதுசா வர்ற எல்லாரும் சொல்றது இது, "இங்க வந்ததுலருந்து பசி பசின்னு இருக்கு மேடம்"னு. இதுல உறுதியான பகுதி சின்னது. உடம்பு நடுங்குற அளவுக்கு குளிர்ல நின்னா சக்தி செலவாகுறது கூடும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஸ்வெட்டர் போட்டு, ஜன்னலை சாத்திட்டு, ஃபேக்டரி ஆபீஸ்ல ஹீட்டர் பக்கத்துல உக்காந்து கம்ப்யூட்டர் பார்க்குற ஒருத்தருக்கு அந்த செலவு பெருசா ஏறாது. உயரமும் காரணமில்ல. ஊட்டியே 2,240 மீட்டர்தான், கோத்தகிரி அதைவிட கீழ. ரொம்ப உயரமான மலைக்கு போனா, அதாவது இமயமலை மாதிரி இடங்கள்ல, பசி உண்மையில குறையத்தான் செய்யும், ஏறுறவங்க சாப்பிட முடியாம இளைச்சுப் போயித்தான் இறங்குவாங்க. அதனால மலைக் காத்து பசியைக் கிளப்பி ஆறு கிலோ ஏத்திடுச்சுங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். குளிர்ல சூடா ஒண்ணு தொண்டையில இறங்குனா சுகமா இருக்கும், அது வேற விஷயம், அந்த சுகம் நிஜம்.

இந்த மலையில வேலை பார்த்து நான் கத்துக்கிட்ட பெரிய விஷயம் ஒண்ணு சொல்றேன். எங்க கிளினிக்குல ஒரு ஐப்பசி மாசம், மூணு நாளா விடாம மழை, வெயிட்டிங் பெஞ்சுல மூணு பெண்கள் உக்காந்திருந்தாங்க. கரண்ட் போயிடுச்சு, டாக்டர் வர லேட்டு, பேச்சு சாப்பாட்டுக்கு போச்சு. ஒரு படுகர் பாட்டி, இந்த மழைக்கு ராகி ஹிட்டும் (களி) அவரை உதக்கவும் (குழம்பு) இருந்தா போதும், வேற எதுவும் வேண்டாம்னு சொன்னாங்க. பக்கத்துல இருந்த அம்மா இலங்கையில நுவரெலியா பக்கம் தோட்டத்துல பிறந்து சின்ன வயசுல இங்க வந்தவங்க, 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பல் ஏறி வந்த எத்தனையோ குடும்பத்துல ஒண்ணு. அவங்களுக்கு மழைன்னா கோதுமை மாவு ரொட்டி, அதோட காரமா தேங்காய் சம்பல். சொல்றப்பவே விரலை தட்டையா வச்சு ரொட்டி தட்டுற மாதிரி காத்துல தட்டி காட்டுனாங்க. மூணாவது பொண்ணு தேனியிலருந்து கல்யாணம் ஆகி வந்தவ, மிளகாய் பஜ்ஜின்னா. ஒரே மழை, ஒரே குளிர், ஒரே பெஞ்சு, மூணு பேருக்கும் வாய் ஊறுறது வேற வேற பண்டத்துக்கு. உடம்புக்கு ஏதோ ஒரு சத்து குறைஞ்சு அதைத்தான் கேக்குதுன்னா மூணு பேரும் ஏறக்குறைய ஒண்ணையே கேக்கணுமில்லையா? அவங்கவங்க சின்ன வயசுல மழை நாள்ல அடுப்புக்கு பக்கத்துல யாரு எதைக் கொடுத்தாங்களோ, அதை உடம்பு மழையோட சேர்த்து முடிச்சு போட்டு வச்சிருக்கு. நீங்க எட்டு மாசமா மேகத்தோட வர்க்கியை முடிச்சு போட்டிருக்கீங்க. போட்டது நீங்களேதான், தினம் ஒரு தடவைன்னு கணக்கு போட்டா 200 தடவைக்கு மேல.

இது எப்படி நடக்குதுங்கிறதுக்கு நல்ல அறிவியலே இருக்கு. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ்னு ஒரு மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகளை வச்சு பண்ணது. குரங்குக்கு பழச்சாறு கொடுத்தா மூளையில டோபமின்ங்கிற ரசாயனத்தை விடுற செல்கள் துடிக்கும். அப்புறம் சாறு வர்றதுக்கு முன்னாடி ஒரு விளக்கை எரிய விட்டு பழக்குனாங்க. கொஞ்ச நாள்ல செல்கள் சாறுக்கு துடிக்கிறதை விட்டுட்டு விளக்குக்கு துடிக்க ஆரம்பிச்சுடுச்சு. உங்களுக்கு அந்த விளக்கு மேகம். பன்னெண்டு மணியும் அதே மாதிரி இன்னொரு விளக்கு. அதனாலதான் நாலு மணி வரைக்கும் வர்க்கி ஞாபகமே இல்லாத மனுஷனுக்கு, ஜன்னல்ல வெள்ளையா படர்ந்ததும் திடீர்னு வேற எதுலயும் மனசு நிக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வெயில் நல்லா அடிச்சா அவ்வளவா தோணலன்னு நீங்களே ஒரு வரி எழுதியிருக்கீங்க. மனக்கட்டுப்பாடு இல்லாத ஆளுக்கு வெயில்ல மட்டும் கட்டுப்பாடு எப்படி வரும்? நல்லா பழகுன மூளை வேலை செய்யுது, அவ்வளவுதான். பழகுனதை வேற மாதிரி பழக்கலாம்.

சத்துக்குறைவுங்கிற கேள்விக்கு வர்றேன், இதை அவசரமா தள்ளிட்டு போக முடியாது. சாக்லேட் மேல ஆசைன்னா மக்னீசியம் குறைவு, இனிப்பு கேட்டா இன்னது குறைவுன்னு வாட்ஸப்ல ஒரு பட்டியல் சுத்துது. அதுக்கு ஆதாரம் கிடையாது. மக்னீசியம் வேர்க்கடலையிலயும் கீரையிலயும் தாராளமா இருக்கு, ராத்திரி பத்து மணிக்கு கீரை வேணும்னு யாரும் கடைக்கு ஓடுறதில்ல. ஆனா ஒரே ஒரு வகை ஆசை இருக்கு, அதை நான் லேசா எடுத்துக்கவே மாட்டேன். பச்சரிசி, ஐஸ், மண்ணு, சாம்பல், சாக்பீஸ் இதெல்லாம் திங்கணும்னு தோணுறது. ஒரு எஸ்டேட் கிளினிக்குல கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவை பார்த்தேன், சேலை மடியில ஒரு பிடி அரிசி எப்பவும் இருக்கும், பேசிக்கிட்டே ஒண்ணு ஒண்ணா எடுத்து வாயில போட்டுக்குவாங்க, மென்னு மென்னு பல்லு ஓரமெல்லாம் தேஞ்சிருந்தது. வீட்டுல எல்லாரும் கெட்ட பழக்கம்னு திட்டி திட்டி அவங்க ஒளிச்சு திங்க ஆரம்பிச்சிருக்காங்க. ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் ஏழு. இரும்புச்சத்து ஏற ஏற அந்த அரிசி ஆசை தானா போச்சு, யாரும் மடியை பிடுங்கல. இது நல்லா தெரிஞ்ச விஷயம், மருத்துவத்துல இதுக்கு பைக்கான்னு பேரு. சாப்பிட்ட கையோட டீ குடிச்சா சாப்பாட்டுல இருக்குற இரும்பு உடம்புல சேர்றது குறையும், அதுவும் உறுதி, டீ ஊருல இருக்குற நமக்கு இது ரொம்ப முக்கியம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. உங்களுக்கு இந்த மாதிரி ஆசை இருக்குன்னு நீங்க எழுதல. இதைப் படிக்கிற வேற யாருக்காவது இருந்தா ரத்தப் பரிசோதனை பண்ணுங்க, கடையில தானா இரும்பு மாத்திரை வாங்கி போடாதீங்க, நம்ம மாவட்டத்துல பரம்பரையா வர்ற அரிவாள் செல் ரத்த நோய் உள்ள குடும்பங்கள் இருக்கு, அவங்களுக்கு கணக்கே வேற, டாக்டர் சொல்லாம தொடக்கூடாது.

இப்ப வர்க்கி. அதை நான் திட்ட மாட்டேன், எனக்கு அது மேல மரியாதை உண்டு. 2023-ல புவிசார் குறியீடு வாங்குன பண்டம். மைதா, சர்க்கரை, உப்பு, வனஸ்பதி, அதோட "மாவு"ன்னு பேக்கரிக்காரங்க சொல்ற ஒரு புளிச்ச கலவை, வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை போட்டு புளிக்க வச்சது, அதுதான் வர்க்கிக்கு உயிர். விறகு அடுப்புல சுட்டு எடுக்குறது. சூடான டீயில ஒரு ஓரத்தை முக்கிப் பாருங்க, அடுக்கு அடுக்கா வாயை திறக்கும், டீ மேல சின்ன சின்ன எண்ணெய் வட்டம் மிதக்கும். அந்த வட்டத்தை கொஞ்சம் கவனிங்க. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, மாவுக்கும் சர்க்கரைக்கும் 4. மொறுமொறுன்னு காத்து நிறைஞ்சு இருக்குறதால வயித்துல கனம் தெரியாது, மெல்லுற வேலையும் கம்மி, வயிறு போதும்னு சொல்றதுக்கு முன்னாடி நாலஞ்சு உள்ள போயிடும். 2019-ல அமெரிக்காவுல கெவின் ஹால் குழு 20 பேரை ஆராய்ச்சி ஆஸ்பத்திரியிலேயே தங்க வச்சு பார்த்தாங்க, ரெண்டு வாரம் ஃபேக்டரியில பதப்படுத்துன சாப்பாடு, ரெண்டு வாரம் சாதா சமையல், எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம். பதப்படுத்துனது சாப்பிட்ட நாள்ல ஒரு நாளைக்கு 500 கலோரி கிட்ட கூட சாப்பிட்டாங்க. வர்க்கியை அப்படியே அந்தக் கணக்குல சேர்த்துட முடியாது, அது கைவேலை பண்டம், ஆனா அதிகம் மெல்ல வேண்டாததை வேகமா திங்குறோம்ங்கிற பகுதி இதுக்கும் பொருந்தும்னு நான் நினைக்கிறேன். டிரான்ஸ் கொழுப்பு, அதாவது இதயத்துக்கு கெடுதலான ஒரு வகை கொழுப்பு, அது பத்தி ஒரு பயம் இருக்கு, 2022 ஜனவரியிலருந்து நம்ம நாட்டுல எண்ணெய், வனஸ்பதியில அது 2 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு விதி, அதனால பழைய அளவுக்கு பயப்பட வேண்டாம், ஆனா அதை வச்சு வர்க்கி ஆரோக்கியமான பண்டம்னு ஆயிடாது. உங்க கணக்குல வர்க்கியை விட டீயை நான் கவனிச்சேன். ஃபேக்டரியில நாளைக்கு ஆறு டீன்னு எழுதியிருக்கீங்க. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா சுமாரா 10 கிராம், ஆறுக்கு 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்குற சர்க்கரைக்கு முடிஞ்சா ஒரு நாளைக்கு 25 கிராம் கிட்ட நிறுத்துங்கன்னு சொல்லுது. ஆறு கிலோவுல வர்க்கி மேல மட்டும் பழியைப் போடாதீங்க.

வார்த்தை விளையாட்டுக்கு வரலாம். நீங்க சொல்றது வேர்டில்னு புரியுது, அஞ்செழுத்து ஆங்கில வார்த்தை, ஆறு வாய்ப்பு, பச்சை மஞ்சள் சாம்பல் கட்டம். ஜோஷ் வார்டில்ங்கிறவர் தன் துணைவிக்காக செஞ்சு 2021 அக்டோபர்ல வெளிய விட்டாரு, 2022 ஜனவரியில நியூயார்க் டைம்ஸ் வாங்கிடுச்சு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, ஒரு நாளைக்கு ஒண்ணுதான்னு அவரு வேணும்னே வச்ச எல்லை. நானும் விளையாடுறேன், காலையில பால் பொங்குறதுக்குள்ள. குறுக்கெழுத்து போடுறவங்க, சொடக்குன்னு ஒரு சொல் மாட்டுறப்ப வர்ற அந்த சந்தோஷம் தெரிஞ்சவங்க யாருக்கும் இதைப் போய் குத்தம்னு சொல்ல மனசு வராது. உங்க பிரச்சனை அந்த ஒரு வார்த்தை இல்ல தம்பி. அஞ்சு நிமிஷம் அது. அதுக்கு அப்புறம் நீங்க போற மத்த விளையாட்டுங்கள்ல எல்லை கிடையாது, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா வந்து நிக்குது, ஜெயிச்சா இன்னொண்ணு, தோத்தா பழி வாங்க இன்னொண்ணு. பாக்கெட் வர்க்கியும் அதே கதைதான், முடியுற இடம்னு ஒண்ணு கண்ணுக்கு தெரியாது. மூளைக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் விளையாடுறேன்னும் எழுதியிருக்கீங்க. இதுல சந்தேகம் நிறைய. 2022-ல வந்த ஒரு ஆய்வுல லேசான மறதி ஏற்கனவே இருக்குற 107 பேரை வச்சு பார்த்தாங்க, கம்ப்யூட்டர் விளையாட்டை விட குறுக்கெழுத்து போட்டவங்க கொஞ்சம் நல்லா இருந்தாங்க. அது வயசானவங்க, மறதி ஆரம்பிச்சவங்க. 27 வயசுல உங்களுக்கு அதை எடுத்து ஒட்ட முடியாது. பிடிச்சிருக்கு, அதனால விளையாடுறேன்னு சொல்லுங்க, அந்தக் காரணமே போதும்.

நீங்க ரெண்டு தனித்தனி பிரச்சனைன்னு எழுதுனீங்க, எனக்கு அது ஒரே முடிச்சா தெரியுது, அதை அவிழ்க்குற இடம் தூக்கம். ஒன்றரைக்கு படுத்து ஆறு மணிக்கு அலாரம், நாலரை மணி நேரம். 2004-ல சிகாகோவுல ஆரோக்கியமான 12 இளைஞர்களை வச்சு ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க, பசியைத் தூண்டுற கிரெலின்ங்கிற ஹார்மோன் 28 சதவீதம் ஏறுச்சு, போதும்னு சொல்ற லெப்டின்ங்கிற ஹார்மோன் 18 சதவீதம் இறங்குச்சு, அவங்களுக்கு மாவுப்பண்டம், இனிப்பு, உப்பு பண்டம் மேலதான் ஆசை கூடுச்சு. 12 பேருங்கிறது சின்ன எண்ணிக்கை, பின்னாடி வந்த ஆய்வுகள்ல ஹார்மோன் கணக்கு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வரல, அதனால ஹார்மோன் பகுதியை நான் அழுத்தி சொல்ல மாட்டேன். ஆனா தூக்கம் குறைஞ்சா மறுநாள் கூட சாப்பிடுவோம்ங்கிறது திரும்பத் திரும்ப நிரூபணம் ஆனது. 2022-ல தலைகீழா ஒண்ணு பண்ணிப் பார்த்தாங்க, எடை கூடுன, தூக்கம் குறைஞ்ச 80 பேர்ல ஒரு பாதிப்பேருக்கு தூக்கத்தை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல கூட்டுனாங்க, சாப்பாட்டை பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவங்க சாப்பிடுற அளவு ஒரு நாளைக்கு 270 கலோரி கிட்ட தானா குறைஞ்சுது. நான் ஒரு வருஷம் தொண்டை கிழிய கத்துனாலும் ஒருத்தர்கிட்ட 270 கலோரி குறைக்க வைக்க முடியாது. நாலரை மணிக்கு உங்களை வர்க்கி பக்கம் தள்ளுறதுல பாதி முந்தின ராத்திரி.

அடிமைங்கிற வார்த்தை. விளையாட்டு நோய்னு உலக சுகாதார நிறுவனத்தோட நோய் பட்டியல்ல சேர்த்திருக்காங்க, 2022 ஜனவரி 1-லருந்து நடைமுறை. அதுக்கு அளவுகோல் கடுமையானது: நிறுத்த முடியாம போகணும், வேலை, சாப்பாடு, மனுஷங்க எல்லாத்தையும் விட விளையாட்டு முன்னாடி வந்து நிக்கணும், வாழ்க்கை கெடுதுன்னு தெரிஞ்சும் தொடரணும், இது சாதாரணமா ஒரு வருஷமாவது நீடிச்சிருக்கணும். நீங்க வேலைக்கு ஒரு நாள் கூட லீவு போடல, பணம் போடல, ஊருக்குப் போன பத்து நாள் விளையாட ஞாபகமே வரலன்னு எழுதியிருக்கீங்க. படிக்கிறப்ப அந்த அளவுக்கு இல்லன்னுதான் எனக்கு படுது. சாப்பாட்டு அடிமைத்தனம்னு ஒரு நோய் அந்தப் பட்டியல்ல கிடையவே கிடையாது, ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே இன்னும் சண்டை நடக்குது. ஆனா ஒளிஞ்சு சாப்பிடுறது, வயிறு வலிக்கிற வரைக்கும் நிறுத்த முடியாம சாப்பிட்டு அப்புறம் அழுகை வர்றது, வாந்தி எடுக்க முயற்சி பண்றது, இது வாரம் ஒரு தடவைன்னு மாசக்கணக்குல போனா அது நிஜமான நோய், வைத்தியம் இருக்கு, வெக்கப்பட ஒண்ணுமில்ல. அப்படி இருந்தா, இல்ல ராத்திரி தனிமை தாங்க முடியாம போனுல உக்காந்திருந்தா, 14416-க்கு கூப்பிடுங்க, அரசாங்கத்தோட டெலி மனாஸ்ங்கிற மனநல உதவி எண், தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில 2014-லருந்தே இந்த போன், விளையாட்டு பிரச்சனைக்குன்னு தனி கிளினிக் நடக்குது.

அடியோட விட்டுடாதீங்க. இதை கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். இரண்டாம் உலகப்போர் சமயத்துல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ் 36 பேரை ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டாரு. அதுக்கு முன்னாடி சமையலைப் பத்தி யோசிச்சே பார்க்காத ஆளுங்க சமையல் புஸ்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க, பேச்செல்லாம் சாப்பாடு, கனவெல்லாம் சாப்பாடு. உங்களோடது பட்டினி இல்லதான், ஆனா தடை போட்டு வச்சா மனசு அதையே சுத்தும்ங்கிறதை நான் வாரா வாரம் பார்க்குறேன். "இன்னையோட வர்க்கி கட்"னு சபதம் போட்டு போனவங்க மூணாவது வாரம் முகத்தை தொங்கப் போட்டுக்கிட்டு வருவாங்க, ஒரே ராத்திரியில முழு பாக்கெட். வர்க்கிக்கு பதிலா கேரட் கடிங்கன்னும் சொல்ல மாட்டேன், ஊட்டி கேரட் எவ்வளவு இனிப்பா இருந்தாலும் மனசு ஏமாறாது, கேரட்டையும் திம்பீங்க அப்புறம் வர்க்கியையும் திம்பீங்க.

நீங்க இப்படி பண்ணிப் பாருங்க. பாக்கெட் வாங்காதீங்க, பேக்கரியில லூஸா அன்னன்னைக்கு ரெண்டு வர்க்கி வாங்குங்க, கோத்தகிரியில நடந்து போற தூரத்துல பேக்கரி இல்லாத தெரு கம்மி. ஒரு தட்டுல வச்சு, உக்காந்து, போனை உள்ள வச்சுட்டு சாப்பிடுங்க. மத்தியானம் பன்னெண்டரைக்கு வெறும் லெமன் ரைஸ்னு சொன்னீங்க, அதோட ஒரு முட்டையோ ஒரு கப் சுண்டலோ சேருங்க, நாலு மணி நேரம் தாங்குற சாப்பாடு உள்ள போனா நாலரைக்கு கை இவ்வளவு பரபரக்காது. டீயில சர்க்கரையை ஒரே நாள்ல விட வேண்டாம், வாரத்துக்கு கால் ஸ்பூன்னு குறைங்க, நாக்கு பழகிடும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆறு மணிக்கு மேல டீ வேண்டாம், நிறைய பேருக்கு தூக்கத்தை அது கெடுக்கும். வார்த்தை விளையாட்டை காலைக்கு மாத்துங்க. பன்னெண்டு மணிக்கு வர்ற வார்த்தை மறுநாள் பன்னெண்டு வரைக்கும் அங்கயேதான் இருக்கும், ஊசிப் போகாது. காலை டீயோட அஞ்சு நிமிஷம், ஃபேக்டரி சங்கு ஊதுறதுக்குள்ள முடிஞ்சுடும், அதுக்கு அப்புறம் வேலைக்கு ஓடணும், அதுவே எல்லை. மத்த விளையாட்டை ராத்திரி போன்லருந்து எடுத்துடுங்க, முடிஞ்சா போனையே கட்டிலுக்கு எட்டாத தூரத்துல சார்ஜ் போடுங்க, குளிருல கம்பளியை விட்டு எழுந்து போக சோம்பல் வரும், அந்த சோம்பல் உங்களுக்கு உதவட்டும். முதல் பத்து நாள் பதினொன்றரைக்கு படுத்தாலும் கண்ணு முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கும், பயந்துடாதீங்க.

இன்னொண்ணு, நீங்க கேக்காதது. மனசு சரியில்லாதப்ப பிடிச்ச பண்டம் சாப்பிட்டா தேறிடும்னு எல்லாரும் நம்புறோம். அதே மினசோட்டாவுல 2014-ல சோகமான காட்சிகளைக் காட்டிட்டு சிலருக்கு அவங்க மனசுக்குப் பிடிச்ச பண்டம், சிலருக்கு வேற ஏதோ, சிலருக்கு ஒண்ணுமே கொடுக்கல. கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் ஒரே அளவு மனசு தேறிடுச்சு. தேறுறது தானா தேறுது, பேரு மட்டும் பண்டத்துக்கு போகுது. நாலரை மணிக்கு உங்க ஊர்ல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. திண்ணையில யாராவது உக்காந்திருப்பாங்க, தெருவுல பேச்சு சத்தம் கேக்கும். இங்க அந்த நேரத்துக்கு மேகம் மூடி எதிர் வீடு கூட தெரியாது. வாரத்துல மூணு நாளாவது அந்த டீயை ரூம்ல குடிக்காம ஃபேக்டரி ஆளுங்களோட டீக்கடையில நின்னு குடிங்க, இல்ல அந்த நேரத்துல அம்மாவுக்கு போன் போடுங்க. இது நான் ஆய்வுல படிச்சு சொல்றதில்ல, மலைக்கு தனியா வேலைக்கு வந்த பிள்ளைங்களை பத்தொன்பது வருஷமா பார்த்து சொல்றது.

அம்மாவுக்கு வர்க்கி வாங்கிட்டு போங்க. பையன் மலையிலருந்து வர்றான்னு இருக்குறவங்களுக்கு வெறுங்கையோட போய் நிக்காதீங்க. மூணு மாச சராசரி சுகர் கட்டுப்பாட்டுல இருந்தா ஒரு வேளைக்கு ஒண்ணு, வெறும் வயித்துல இல்லாம, சர்க்கரை போடாத டீயோட. அன்னைக்கு இட்லியில ஒண்ணைக் குறைச்சுக்கச் சொல்லுங்க. சராசரி ரொம்ப ஏறியிருந்தா முதல்ல அவங்க டாக்டரை கேளுங்க. ஆனா அம்மா உங்களுக்கு அனுப்புற கருப்பட்டியை அவங்களும் "அது சர்க்கரை இல்லையே"ன்னு காபியில தாராளமா போட்டுக்குறாங்களான்னு கண்டிப்பா விசாரிங்க, உங்க ஊர்ப்பக்கம் நிறைய பேரு அப்படித்தான் நினைக்கிறாங்க, ரத்தத்துல சுகரை அதுவும் ஏத்தத்தான் செய்யும். கால் கிலோ போதும், பக்கத்து வீட்டுக்கும் பங்கு போகட்டும். பேப்பர் கவர்ல கொண்டு போகாதீங்க, மேட்டுப்பாளையம் இறங்குறதுக்குள்ள நமுத்துடும், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுல போட்டு எடுத்துட்டு போங்க.